கத்திரி வெயிலைத் தாண்டும் மாடித்தோட்டம்

திருச்சியில் மாசி முடிவதற்குள்ளேயே வெயில் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். மே 4ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால், மாதக் கடைசி வரை 40 டிகிரி எங்களுக்குச் சர்வசாதாரணம். நான் உறையூரில் வீட்டிலிருந்தே துணி தைக்கிறேன். மொட்டைமாடியில் பை, தொட்டி, உடைந்த பக்கெட் என்று கிடைத்ததில் எல்லாம் செடி வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் மாடியை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வெயில்ல எப்படிக்கா பச்சையா வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அளவெடுத்துக்கொண்டே அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்வதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கோடையில் மாடிச்செடி வாடினால் உடனே எல்லோரும் குழாயைத்தான் திறக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த வரையில் பாதிச் செடிகள் வேர் வெந்துதான் போகின்றன. மத்தியானம் இரண்டு மணிக்கு மாடித் தரையில் நம்மால் வெறுங்காலை வைக்க முடியாது. அதே தரையில்தான் பை நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அதனால் கோடைக்கான வேலை வரிசை இதுதான்: வேரைக் குளிர்ச்சியாக வை, இலைக்கு நிழல் கொடு, அப்புறம் தண்ணீர்.

பையைத் தரையிலிருந்து தூக்குங்கள்

ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல் போதும். நடுவில் காற்று ஓட வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். செங்கல் இல்லையென்றால் பழைய மரச்சட்டம், தேங்காய் மட்டை, எதுவும் ஆகும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிதான் சூட்டை அதிகம் வாங்கும். அதற்குச் சணல் சாக்கைச் சுற்றிக் கட்டலாம், அல்லது வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்துவிடலாம். நான் தையலில் மிஞ்சிய வெள்ளைக் காடாத்துணியைச் சுற்றி வைக்கிறேன். பார்க்கக் கொஞ்சம் ஆஸ்பத்திரிக் கட்டு போலத்தான் இருக்கும், பரவாயில்லை.

பங்குனி பிறந்ததும் தொட்டிகளை இடம் மாற்றுங்கள். மற்ற மாதங்களில் காற்றோட்டத்துக்காகத் தள்ளித் தள்ளி வைத்திருப்போம். கோடையில் நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் பக்கவாட்டில் விழும். மேற்குப் பக்கம்தான் எதிரி. பிற்பகல் வெயில் அங்கிருந்து சாய்வாக வந்து தொட்டியின் விலாவில் அடிக்கும். அந்த ஓரத்தில் கறிவேப்பிலை, செம்பருத்தி, எலுமிச்சை மாதிரி தாக்குப்பிடிக்கிற ஆட்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் பின்னால் கீரையையும் புதினாவையும் ஒளித்து வையுங்கள்.

மூடாக்கு

மண்ணை வெறுமையாக விடாதே என்று இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனது வயலுக்கு மட்டும் இல்லை, பக்கெட்டுக்கும்தான். பையில் மண்ணுக்கு மேல் மூன்று விரல்கடை உயரத்துக்குக் காய்ந்த சருகைப் பரப்புங்கள். தண்ணீர் ஆவியாவது குறையும், களை முளைக்காது, ஊற்றும்போது மண் குழி விழாது. ஆனி, ஆடிக்குள் அடிப்பக்கம் மக்கி உரமாகவும் ஆகிவிடும்.

எங்கள் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. காவிரிக் கரை முழுக்க வாழை. காந்தி மார்க்கெட்டில் இலைக்கட்டைச் சுற்றி வருகிற வாழைச்சருகைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கத்தரிக்கோலால் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, தண்ணீரில் முக்கி எடுத்துப் பரப்பினால் காற்றுக்குப் பறக்காது. தஞ்சாவூர் பக்கம் இருப்பவர்கள் வைக்கோலையும், கரும்பு விளையும் ஊரில் இருப்பவர்கள் சோகையையும் போடலாம். செடியின் தண்டை ஒட்டி மட்டும் போட வேண்டாம். இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் தண்டு ஈரத்தில் அழுகும்.

நிழல்வலை

கடையில் 35, 50, 75 சதவீதம் என்று கேட்டு வாங்கலாம். வலை எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. காய்ச்செடிக்கு 35 போதும். கீரை, புதினா, நாற்று இவற்றுக்கு 50. அதற்கு மேல் வாங்கினால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று ஓடுமே தவிர காய்க்காது. வெண்டைக்கும் கொத்தவரைக்கும் வலையே தேவையில்லை.

தலையில் இடிக்காத உயரத்தில், குறைந்தது ஏழு அடியில் கட்டுங்கள். தாழ்வாகக் கட்டினால் சூடான காற்று அடியிலேயே தங்கும். மேலே கட்டியதோடு நிறுத்தாமல் மேற்குப் பக்கம் ஒரு துண்டைத் திரைச்சீலை மாதிரி தொங்கவிட்டால்தான் முழுப் பலன். ஆடிக்காற்று வரும் முன் கழற்றிச் சுருட்டிவிட வேண்டும். அம்மியையே நகர்த்துகிற காற்றுக்கு என் வலை எம்மாத்திரம். கம்பியோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

வலை கட்டுகிற இடத்துக்கு எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அத்தைக்கு வடாம் பிழியவும் மோர் மிளகாய் காயவும் வெயில் வேண்டும், எனக்கு நிழல் வேண்டும். கிழக்குப் பாதி அத்தைக்கு, மேற்குப் பாதி எனக்கு என்று இப்போதைக்கு உடன்படிக்கை.

தண்ணீர்

காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுவது நல்லது. பெரிய பைகளுக்கு மூடாக்கு இருந்தால் ஒரு வேளையே போதும். சின்னத் தொட்டிகளுக்குச் சாயங்காலம் வெயில் இறங்கியபின் இன்னொரு முறை. 12 அங்குலப் பையில் காய்க்கிற கத்தரிக்கு நாளுக்குச் சுமார் இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கணக்கை நம்புவதைவிட விரலை நம்பலாம். சருகை விலக்கி ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். நுனியில் ஈரம் தட்டினால் இன்றைக்கு வேண்டாம்.

குழாயைத் திறந்ததும் முதலில் வருகிற தண்ணீரைச் செடிக்குப் பிடிக்காதீர்கள். வெயிலில் கிடந்த ரப்பர் டியூபுக்குள் அது கொதிநீராக இருக்கும். மேல்தொட்டியும் பிற்பகலில் அப்படித்தான். நான் ராத்திரியே இரண்டு மூன்று பக்கெட்டில் பிடித்து மாடிப்படி நிழலில் வைத்துவிடுவேன். காலையில் சொம்பால் மொண்டு ஊற்றினால் ஒவ்வொரு செடியின் முகத்தையும் பார்த்தமாதிரியும் ஆகிறது.

பூசணி, சுரை இலைகள் மத்தியானம் ஒரு மணிக்குக் குடையை மடக்கினாற்போல் தொங்கும். பதறி ஓட வேண்டாம். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக அகன்ற இலை தண்ணீரை விடுகிறது, அதனால் வரும் தளர்ச்சி அது. ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும்: விரலை விட்டுப் பாருங்கள், மண் காய்ந்திருந்தால் தண்ணீர், சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகல், தண்ணீரை நிறுத்திவிட்டு அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும்.

தேங்காய் நார்க்கழிவு கலந்த பைகளில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. நார் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடித்துளை வழியே வெளியே ஓடும். நாமும் 'நிறைய ஊற்றியாச்சு' என்று இறங்கிவிடுவோம். நடுவில் மண் பொடிபொடியாகத்தான் இருக்கும். பை தூக்கினால் பஞ்சுபோல் லேசாக வந்தால் இதுதான் கதை. ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பிப் பையை அதில் உட்கார வையுங்கள். குமிழ் விடுவது நிற்கும் வரை, அரைமணி நேரம் போல, இருக்கட்டும். பை பெரிதாக இருந்தால் ஒரு சொம்பு ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, மறுபடி ஒரு சொம்பு என்று தவணையில் கொடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்று கேட்பவர்களுக்கு: அரிசி களைந்தது, காய்கறி கழுவியது, ஏசியிலிருந்து சொட்டுவது எல்லாம் தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பெல்லாம் சேர்ந்திருக்கும், தொடர்ந்து ஊற்ற வேண்டாம். போர் தண்ணீர் மட்டுமே இருக்கிற வீடுகளில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கோடை மழை ஒன்று பெய்தால் அந்தத் தொட்டிகளை நடு மாடிக்கு இழுத்துவிடுங்கள், மழை கழுவிவிடும். மழைக்கு முன் அடித்தட்டை எடுக்க மறக்கக்கூடாது.

பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பானைப் பாசனம் நல்ல யோசனை. வர்ணம் பூசாத சின்ன மண்கலயம் ஒன்றைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, கொசு முட்டையிடாமல் மூடி போட்டுவிடுங்கள். மண்ணில் ஈரம் குறையக் குறைய கலயம் கசிந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். கொடி வகைகள் இதற்கு ரொம்பவும் நன்றாகக் கைகொடுக்கும்.

எதை விதைப்பது

தக்காளியை விட்டுவிடுங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். எந்தக் கரைசலும் அதை நிறுத்தாது. பழைய செடி இருந்தால் வலையின் கீழ் உயிரோடு வைத்திருந்தால் போதும். கொத்தமல்லியும் கோடையில் இலை கொடுக்காமல் அவசர அவசரமாகப் பூத்துவிடும்.

வெயிலை விரும்பிச் சாப்பிடுகிறவை வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, முளைக்கீரை, தண்டுக்கீரை. கத்தரி நடுத்தரம். புதினா, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை மூன்றுக்கும் விதை தேட வேண்டாம். மார்க்கெட்டில் கட்டு வாங்கி இலையை ஆய்ந்துகொண்டு, திடமான தண்டைக் கணு மண்ணுக்குள் போகிறமாதிரி ஊன்றிவிடுங்கள். துணி துவைக்கிற கல்லுக்கு அருகே, ஏசி சொட்டுகிற இடத்தில், எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே வைக்கலாம்.

கீரை விதையை அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு மணல் கலந்து தூவுங்கள். எறும்பு இழுத்துக்கொண்டு போகாமல் பையைச் சுற்றிச் சாம்பலோ மஞ்சள் தூளோ போடலாம். முளைக்கீரை 25 நாளில் பிடுங்கத் தயார்.

வெண்டைதான் கோடையின் ராஜா என்பேன். விதையை ராத்திரி ஊறவைத்து, 12 அங்குலப் பைக்கு மூன்று விதை ஊன்றி, நான்கு இலை வந்ததும் வாட்டசாட்டமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். 45 நாள் வாக்கில் காய் பிடிக்கும். அந்தப் பூவைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குள் மேலே போக வேண்டும். இளமஞ்சள் இதழ், நடுவில் கறுத்த சிவப்பு. மத்தியானத்துக்குள் சுருட்டி மூடிக்கொள்ளும். பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாள் தாமதித்தாலும் நார் கட்டிவிடும். நுனியை ஒடித்துப் பார்க்கிற வேலையைக் கடையில் செய்தால் கடைக்காரர் முறைப்பார். சொந்தச் செடியில் ஆசை தீர ஒடித்துக்கொள்ளலாம். செடியில் உள்ள சுனைமயிர் அரிக்கும், முழுக்கை போட்டுக்கொண்டு பறியுங்கள். இலை நரம்பெல்லாம் வலைபோல மஞ்சளாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த தேமல் நோய். வைத்தியம் கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள்.

பீர்க்கங்காய்க்கு மாப்பிள்ளை பார்ப்பது

"பூ நிறைய வருது, காய் மட்டும் பிடிக்க மாட்டேங்குது" என்று பீர்க்கை வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இரண்டு காரணம். ஒன்று, கொடி வகைகள் சூட்டில் ஆண் பூவையே அதிகம் வைக்கும். கொத்தாக வருவது ஆண். தனியாக, காம்பில் வரிவரியான குட்டிக் காயோடு வருவது பெண். இரண்டாவது, பீர்க்கை பூப்பது சாயங்காலம். காலையில் சுற்றுகிற தேனீ அதற்குள் வீட்டுக்குப் போயிருக்கும், அந்திப்பூச்சிகள் மாடிக்கு வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அதனால் நாமே செய்துவிடலாம். ஐந்தரை, ஆறு மணிக்கு மேலே போங்கள். அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, மஞ்சள் இதழ்களைப் பின்பக்கம் மடித்தால் நடுவில் மாவு ஒட்டிய மகரந்தத்தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் உள்ள பச்சை மஞ்சள் முடிச்சில் மெதுவாகத் தொட்டுச் சுற்றுங்கள். விரலில் பொடி ஒட்டினால் மகரந்தம் உதிரத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். ஓர் ஆண் பூவை இரண்டு மூன்று பெண் பூவுக்குப் பயன்படுத்தலாம். இரண்டு மூன்று நாளில் குட்டிக் காய் பளபளப்பாகிப் பருத்தால் கல்யாணம் கைகூடியது. மஞ்சளாகிச் சுருங்கினால் அடுத்த பூவுக்குப் பார்க்கலாம். சுரைக்கும் இதே சாயங்காலக் கணக்குதான், வெள்ளைப் பூ. பூசணியும் பாகலும் காலையில் பூக்கும், விடிந்ததும் செய்துவிட வேண்டும்.

பூச்சி, உரம்

காய்ந்த வெயிலுக்குச் சிலந்திப்பேன் வரும். இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தினமாதிரி வெளுத்த புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. அதற்கு ஈரம் ஆகாது. மூன்று நாள் தொடர்ந்து காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி ஓடிவிடும். மாவுப்பூச்சியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, அதைச் சுமந்து வருகிற எறும்பின் வழியையும் அடையுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டலாம். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் குழைத்து அடியுங்கள். சாயங்காலம் மட்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

உரத்தைக் கத்திரி வெயிலில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து மாதம் இருமுறை தெளித்தால் போதும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோரில் தண்ணீர் கலந்து ஊற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு செடியை மட்டும் எதுவும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். எலுமிச்சையில் இரண்டு இலையை ஓரம் சேர்த்துப் பஞ்சும் சிலந்தி நூலும் வைத்துத் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. தையல் அவ்வளவு சீர் என்று சொல்ல முடியாது, ஆனால் பிரியவில்லை. அது பிடித்துத் தின்கிற புழுக்கணக்கைப் பார்த்தால் சம்பளமே கொடுக்கலாம். நிழலில் ஒரு அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள். மைனாவும் அணிலும் தாகத்துக்குக் காயைக் கொத்துவது குறையும்.

மல்லிகைக்குக் கோடைதான் சீசன். கார்த்திகையில் கவாத்து செய்திருந்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டிருந்தால், இப்போது மொட்டு தள்ளும். பூத்து முடிந்த நுனியை உடனே கிள்ளிவிட்டால் அடுத்த தளிரில் மறுபடி மொட்டு வரும்.

ஊருக்குப் போகும்போது

பிள்ளைகளுக்கு லீவு விட்டால் யாரும் வீட்டில் இருக்க மாட்டோம். எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவது ஒரு வழி. அக்காவும் ஊருக்குப் போய்விட்டால் திரி வைக்கலாம். பழைய பருத்தி வேட்டியை விரல் தடிமனுக்கு முறுக்கி, நனைத்து, ஒரு முனையைப் பக்கெட்டின் அடியைத் தொடுகிறமாதிரியும் மறு முனையைப் பையில் நான்கு அங்குலம் ஆழத்திலும் விடுங்கள். பக்கெட் பையைவிட உயரத்தில், நிழலில், மூடியோடு இருக்க வேண்டும். பாலியஸ்டர் துணி தண்ணீரை இழுக்காது. கிளம்புவதற்கு முன் வைத்துப் பார்த்து எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். திரி தடிமனாக இருந்தால் பக்கெட் சீக்கிரம் காலியாகிவிடும்.

ஆடிக்குள் செய்ய வேண்டியது

காலியான பைகளின் மண்ணை இந்த வெயிலைவிட மலிவாக யாரும் சுத்தம் செய்து தர மாட்டார்கள். மண்ணை ஈரமாக்கி, அரையடி உயரத்துக்குப் பரப்பி, கண்ணாடி மாதிரி தெரிகிற பாலிதீன் தாளால் மூடி ஓரங்களில் கல் வைத்துவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் நூற்புழு, பூஞ்சணம், களை விதை பெரும்பாலும் மடிந்துவிடும். கறுப்புத் தாள் வேண்டாம். வெயில் உள்ளே போக வேண்டும். ஆறியபின் தொழுவுரமோ மண்புழு உரமோ மூன்றில் ஒரு பங்கு கலந்து வைத்தால் ஆடிப்பட்டத்துக்குத் தயார்.

விதைக்கு வெண்டையில் இரண்டாவது மூன்றாவது காயாகப் பார்த்து விட்டுவையுங்கள். செடியிலேயே பழுப்பாகக் காய்ந்து கோடுகளில் வெடிக்கத் தொடங்கும்போது பறித்து, விதையை உதிர்த்து நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். வீரிய ஒட்டுரக விதை வாங்கியிருந்தால் அதிலிருந்து எடுத்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை, நாட்டு ரகத்துக்குத்தான் இது. விதைக்கு விட்ட காயில் சிவப்பு நூல் ஒன்று கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் கட்டாத காய் எதுவும் அத்தையின் சாம்பாருக்குத் தப்பியதில்லை.